தேயிலை மலைகளும் அவற்றின் மக்களும்

காலையில் எழுந்ததும் நாம் அருந்தும் பானத்தைத் 'தேநீர்' என்கிறோம். அதனைத் தரும் இலையைத் 'தேயிலை' என்கிறோம். இச்சொற்களின் முதலில் நிற்கும் 'தே' என்னும் ஓரெழுத்து, சீன தேசத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ஃபூஜியான் மாகாணத்து மக்களின் பேச்சுமொழியிலிருந்து வந்தது. அம்மாகாணத்தின் அமோய் துறைமுகத்தில் வழங்கிய சொல்லை ஒல்லாந்த வணிகர் மேல்நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். அங்கிருந்து ஐரோப்பியர் வாயிலாக அது நம்மை அடைந்தது. எனவே இலங்கையின் மலைநாட்டைப்பற்றிப் பேசப் புகும்போது, ஃபூஜியானைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லித் தொடங்குவது பொருந்தும்.

ஃபூஜியான் பெரும்பகுதியும் மலைகளால் ஆனது. உழவுக்குரிய சமநிலம் அங்கே மிகக் குறைவு. அதனால் அம்மக்களுக்கு இரண்டு வழிகளே எஞ்சின: மலைச்சரிவிலே தேயிலை பயிரிடுவது ஒன்று, கடல்கடந்து பிழைப்புத் தேடுவது மற்றொன்று. மாகாணத்தின் வடமேற்கில் நிற்கும் வூயி மலைகள் தேயிலைக்குப் பெயர்பெற்றவை. கரையோரத்திலிருந்து கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்களை இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெருந்தொகையாகக் காணலாம். தமிழருக்கும் அம்மாகாணம் புதியதன்று. அங்குள்ள சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் சிவாலயம் எழுப்பி வழிபட்டதையும், 1281ஆம் ஆண்டில் தமிழில் கல்வெட்டுப் பொறித்ததையும் வரலாறு காட்டுகிறது.

மலையும் தேயிலையும் குடிப்பெயர்ச்சியும் கூடிய இன்னொரு நிலம் நம் நாட்டின் நடுவே இருக்கிறது. நுவரெலியாவையும் ஹட்டனையும் நடுவாகக் கொண்ட அந்த மத்திய மலைநாட்டின் நிலம், பொருள், மக்கள் என்னும் மூன்றையும் இப்பேச்சில் முறையே நோக்குவோம்.

முதலில் நிலம். இலங்கையின் மிக உயர்ந்த சிகரமான பேதுருதாலகாலை 8,281 அடி உயரமுடையது. அதன் அடிவாரத்தில், 6,000 அடிக்கு மேற்பட்ட மேட்டுச் சமவெளியில், நுவரெலியா நகரம் அமைந்துள்ளது. அதற்கு மேற்கே, 4,000 அடிக்குச் சற்று மேலே, ஹட்டன் இருக்கிறது. ஹட்டனிலிருந்து தெற்கே மஸ்கெலியா வழியாகச் சென்றால் 7,359 அடி உயரமுள்ள சிவனொளிபாதமலையை அடையலாம். பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும் தத்தம் நம்பிக்கைக்கேற்ப அம்மலையைப் போற்றி ஏறிவருகின்றனர். இச்சிகரங்களுக்கிடையே டிக்கோயா, பொகவந்தலாவை, கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரப்பத்தனை, இராகலை, கந்தப்பளை என்று பசிய பள்ளத்தாக்குகள் விரிந்து கிடக்கின்றன.

இந்நிலத்தை ஆள்வது காற்று. மே மாதம் முதல் செப்டெம்பர்வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, கடலிலிருந்து அள்ளிவந்த நீரையெல்லாம் மேற்குச் சரிவுகளில் கொட்டுகிறது. ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டொன்றுக்குச் சுமார் 200 அங்குல மழை பெய்கிறது. மலைமுகட்டைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது அதே காற்று ஈரமிழந்து வறண்டுவிடுகிறது. தேயிலையின் சுவைக்கும் மணத்துக்கும் காரணம் இவ்வேறுபாடே. வறண்ட காற்றும் குளிர்ந்த இரவும் கூடும் நாட்களில் கொழுந்து மெல்ல வளர்கிறது. மெல்ல வளர்ந்த கொழுந்தில் மணம் செறிகிறது. ஆதலால் ஹட்டன், டிம்புள்ளப் பக்கத்துத் தேயிலை ஆண்டின் தொடக்க மாதங்களிலும், ஊவாத் தேயிலை யூலை முதல் செப்டெம்பர்வரையிலும் சிறந்த விலை பெறுகின்றன. 4,000 அடிக்கு மேல் விளைவதை உயர்நிலத் தேயிலை என்று வணிகர் தனியாக வகுப்பர்.

மழை மிகுந்த மலை ஆறுகளின் தாய்வீடாகவும் இருக்கிறது. மகாவலி கங்கையும் களனி கங்கையும் இம்மலைகளிலேதான் பிறக்கின்றன. களனியின் கிளைகளான கெகல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா ஆகியவற்றின் வீழ்ச்சியிலிருந்து மின்னாற்றல் பெறலாம் என்பதை, பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கனவு 1950இல் லக்சபான மின்நிலையமாக நனவாயிற்று. பின்னர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் எழுந்தன. மவுசாகலையின் நீரில் பழைய மஸ்கெலியா நகரம் மூழ்கியது. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் சிதைவுகள் வெளித்தோன்ற, ஊரார் சென்று பார்த்துவருவர். நாட்டுக்கெல்லாம் ஒளி தந்த இம்மலைகளில், தொழிலாளரின் லயங்களில் மட்டும் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்துகொண்டிருந்தது.

இனிப் பொருளைக் காண்போம். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. காடு மூடிய மலைகளில் முதலில் வந்த பெருந்தோட்டப் பயிர் கோப்பி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதிப்பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்கு உரியதாக்கியது. அந்நிலம் தோட்ட முதலாளிகளுக்கு மிகக் குறைந்த விலையில் விற்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பயன்படுத்திவந்த கண்டிச் சிங்கள உழவர் இதனால் அடைந்த இழப்பு பெரிது. தோட்டங்களின் வரலாற்றைக் கூறுவோர் இதனை மறைத்தல் நேர்மையாகாது.

1869இல் கோப்பி இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றின. ஹெமிலியா என்னும் அந்தப் பூஞ்சண நோய், இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழிலை வேரறுத்தது. தோட்டத்துரைமார் சிலகாலம் சிங்கோனாவை நட்டுப்பார்த்தனர். கொயினா மருந்து தரும் அப்பட்டை அளவுக்குமீறி விளைந்ததால் விலை வீழ்ந்தது. அந்நேரத்தில் கைகொடுத்தது தேயிலை.

சீனத்துத் தேயிலைச் செடி 1824இலேயே பேராதனைப் பூங்காவுக்கு வந்திருந்தது. 1839இல் அசாமிலிருந்து விதைகள் வந்தன. 1841இல் வோர்ம்ஸ் சகோதரர் புசல்லாவைத் தோட்டத்தில் சீனச் செடிகளை நட்டனர். எனினும் வாணிகப் பயிராக அதனை நிலைநிறுத்தியவர் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரே. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அவர் அசாமியத் தேயிலையை நட்டார். தம் வீட்டுத் திண்ணையிலே மேசைமீது இலையைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் வாட்டித் தூள் செய்தார் என்பர். 1873இல் இலங்கையிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தேயிலையின் அளவு 23 இறாத்தலே. 1883இல் கொழும்பில் ஏலவிற்பனை தொடங்கியது. 1875இல் ஏறக்குறைய ஓராயிரம் ஏக்கராக இருந்த தேயிலைப் பரப்பு, நூற்றாண்டு முடிவதற்குள் மூன்று லட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது. பயிரைத் தொடர்ந்து புகையிரதமும் மலையேறியது. 1867இல் கண்டிக்கும், 1874இல் நாவலப்பிட்டிக்கும், 1885இல் நானுஓயாவுக்கும் பாதை எட்டிற்று. மலைநாட்டார் அதனைக் 'கோச்சி' என்று அழைப்பர்.

இந்த எழுச்சியின் மறுபக்கம் ஃபூஜியானில் தெரிந்தது. அம்மாகாணத்தின் ஃபூசோ துறைமுகம் தேயிலை ஏற்றுமதியால் ஓங்கி நின்றது. வூயி மலைகளில் உழவர் தம் சிறு நிலங்களில் தேயிலை பயிரிட்டு, தம் குடிசையிலேயே பக்குவம் செய்து வணிகரிடம் விற்றனர். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக அங்கே சென்ற ரொபர்ட் பார்ச்சூன், 1848 முதல் சில ஆண்டுகளில் செடிகளையும் விதைகளையும் தொழில் அறிந்த சீனரையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பிறகு அசாமிலும் இலங்கையிலும் இயந்திரத்தால் உருட்டிய தேயிலை சந்தையை நிரப்பியபோது, 1880களின் பிற்பகுதி முதல் சீனத் தேயிலை வாணிகம் சரிந்தது. ஒரு மலையின் செழிப்பு இன்னொரு மலையின் வறுமையாயிற்று. பெயர் ஃபூஜியானிலிருந்தும், விதை அசாமிலிருந்தும், முதல் இலண்டனிலிருந்தும் வந்தன. உழைப்பு தமிழகத்திலிருந்து வந்தது.

தேயிலை செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்வோம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தைப் பெண்கள் கிள்ளிக் கூடையிலிடுகின்றனர். வேலைக்கு முன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடப்படும். கொழுந்து நிறுக்கப்பட்டு ஸ்டோருக்குச் செல்லும். அங்கே அது பல மணி நேரம் காற்றில் வாட்டப்படும். பின் உருளைகளில் அரைபட்டு, காற்றுப்பட்டுச் செம்புநிறமாகிப் புளித்து, வெப்பக் காற்றில் உலர்ந்து, சல்லடைகளில் தரம் பிரிக்கப்படும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ அளவு பச்சைக் கொழுந்து வேண்டும். சில ஆண்டுகளுக்கொரு முறை ஆண்கள் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவர். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையிலிருந்து இத்தொழிலுக்கு வழிகாட்டி வருகிறது. பள்ளத்தாக்கின் சமநிலங்களில் கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு முதலிய மரக்கறிகள் விளைந்து கொழும்புச் சந்தைக்குச் செல்கின்றன.

இனி மூன்றாவதாக மக்கள். பூகோள நூல்கள் மலையின் உயரத்தை அடிக்கணக்கிலும், மழையை அங்குலக் கணக்கிலும், விளைச்சலை இறாத்தல் கணக்கிலும் சொல்லிவிட்டு, 'தொழிலாளர் பெரும்பாலும் இந்தியத் தமிழர்' என்ற ஒரு வரியோடு முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடப்பது இருநூறாண்டு வாழ்க்கை.

1820களில் முதற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலம் முதலே திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் வரலாயினர். பஞ்சமும் கடனும் சாதிக்கொடுமையும் அவர்களைப் பின்னின்று தள்ளின. கங்காணியின் வாக்கு முன்னின்று இழுத்தது. தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அடர்ந்த காடுகளினூடே சுமார் 150 மைல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இரையாகி வழியிலே வீழ்ந்தவர்கள் பல்லாயிரவர். அவர்களுக்கு நடுகல்லும் இல்லை.

கோப்பிப் பழம் சில மாதங்களே பறிக்கப்படும். அக்காலத்தில் வந்தவர் பலர் அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதனைக் கிள்ளப் பெண்களின் கை வேண்டியிருந்தது. ஆகவே குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து மலையிலேயே தங்கினர். வழிப்போக்கராக வந்தவரை மண்ணின் மக்களாக்கியது தேயிலைச் செடியின் இயல்பே எனலாம். அவர்களுக்குக் கிடைத்த வீடு லயம்: ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடுக்கிய அறைகள், அறைக்கொரு குடும்பம், முன்னே ஒரு சிறு இஸ்தோப்பு. சம்பளத்தில் கங்காணிக்குத் தலைக்காசு. கடன் தீரும்வரை 'துண்டு' கிடையாது. துண்டு இன்றி வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இத்துண்டு முறையை ஒழித்தது.

அந்த அடைப்புக்குள்ளும் ஒரு பண்பாடு தழைத்தது. மாசியில் காமன் கூத்தும், பொன்னர் சங்கர் கதையும், அருச்சுனன் தபசும் லயத்து முற்றங்களில் நடந்தன. ஒவ்வொரு தோட்டத்திலும் மாரியம்மன் குடிகொண்டாள். தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்துக்கு ரோதைமுனி காவலாயிற்று. வெட்டுக்கத்தி எடுக்குமுன் கவ்வாத்துச் சாமிக்குப் படையல் நடந்தது. புதிய தொழிலுக்குப் புதிய தெய்வங்களைக் கண்ட மக்கள் இவர்கள். இவர்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்துக் காத்தவர், தலவாக்கலையின் முதற் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை ஆவார்.

உரிமைக் குரலை முதலில் எழுப்பியவர்களுள் கோ. நடேசய்யர் முன்னிற்பவர். தஞ்சையிலிருந்து வந்த அவர் பத்திரிகை நடத்தினார். 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளருக்கான சங்கத்தை நிறுவினார். அவர் மனைவி மீனாட்சியம்மையார் பாட்டியற்றி மேடைதோறும் பாடினார். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலீஸ் குண்டுக்குப் பலியானார். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியர் காங்கிரஸ், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலைநாட்டுத் தொகுதிகளில் வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான் தெரிவானார்.

மறு ஆண்டே அந்த வெற்றி பறிபோயிற்று. சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ பாட்டனோ இந்நாட்டிற் பிறந்ததை எழுத்தால் நிறுவக் கேட்டது. பிறப்புப் பதிவே அரிதான லயங்களில் அத்தகைய சான்றுக்கு எங்கே போவது? பல லட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்துவந்த தேர்தற் சட்டத்தால் வாக்குரிமையும் இழந்தனர். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 9 லட்சத்து 75 ஆயிரம் பேரைக் கணக்கிட்டது: 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேர் பின்னர் முடிவுக்கு. 1974இல் அந்த மீதியும் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டது. பங்கிடப்பட்டவரை ஒருவரும் கலந்துகொள்ளவில்லை. அண்ணன் அக்கரைக்கும் தம்பி இக்கரைக்கும் பிரிந்தனர். மலைநாட்டுப் புகையிரத நிலையங்களில் அன்று கேட்ட அழுகையை முதியோர் இன்றும் மறக்கவில்லை. சென்றவர்களிற் பலர் நீலகிரியில் மீண்டும் தேயிலையே கிள்ளினர்.

எஞ்சியோர் பட்டதும் குறைவன்று. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1974ஐ ஒட்டிய பஞ்சத்தில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977, 1981, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் பலரை வடக்கே வன்னிக்கும் அப்பால் இந்தியாவுக்கும் துரத்தின. 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் கிடைத்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டமே நாடற்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1946இல் இலங்கை மக்கட்டொகையில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேலாக இருந்த இவர்கள், 2012ஆம் ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு நால்வர் அளவாயினர். அக்கணக்கின்படி நுவரெலியா மாவட்டத்தில் மட்டும் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் இவர்களாக இருந்தனர்.

குடியுரிமை வந்தது, மண்ணுரிமை இன்னும் முழுமையாக வரவில்லை. இங்கேதான் ஃபூஜியானோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. வூயி மலையின் உழவன் ஏழையாயினும், சிறிதேனும் நிலத்தைப் பற்றி நின்றான். தேயிலை வீழ்ந்தபோது வேறொன்றை நட்டான், அல்லது கடலேறினான். நம் மலையகத் தொழிலாளியோ குடியிருக்கும் அறையையும் வேலையையும் ஒரே கையிலிருந்து பெற்றான். வேலை போனால் கூரையும் போம் என்ற அச்சம் தலைமுறைகளைப் பிணித்தது. தபால்கூடத் தோட்டத்து முகவரிக்கே வந்தது. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் பணிசெய்யச் சட்டத்திலிருந்த தடை 2018இல்தான் நீங்கியது. ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனிவீடு என்னும் திட்டம் அண்மைக் காலத்தில் தொடங்கியது; வீடு பெற்றவர் சிலர், காத்திருப்பவர் பலர். சரிவு நிலத்து லயங்களில் வாழ்வதன் அபாயத்தை, 2014 ஒக்டோபர் 29இல் ஊவாவின் மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்ட கொடுமை உலகுக்குக் காட்டியது.

தொழிலும் மாறிவருகிறது. இன்று இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கைத் தருவோர், பெரும்பாலும் தாழ்நிலத்திலுள்ள சிறுதோட்ட உடைமையாளரே. ஒரு சில ஏக்கரை உடைமையாகக் கொண்ட குடும்பம் தன் செடியைத் தானே பேணுகிறது. 2021இல் இரசாயன உரம் தடுக்கப்பட்டபோது தேயிலைத் தொழில் பெரிதும் தளர்ந்தது. 2022இன் விளைச்சல் சுமார் 25 கோடி கிலோவாகச் சுருங்கியது. நாட்சம்பளம் 1,000 ரூபாயாக 2021இல் விதிக்கப்பட்டதற்குப் பின்னே பல ஆண்டுப் போராட்டம் இருந்தது. இளைஞர் கொழும்புக் கடைகளையும் வெளிநாடுகளையும் நாடிச் செல்கின்றனர். தோட்டத்தில் கை குறைகிறது. அந்தக் கையைத் தக்கவைத்துக்கொள்ள வழி யாது? உழைப்பவருக்கு உழைக்கும் நிலத்தில் ஒரு பங்கு கொடுத்தால் தோட்டமும் பிழைக்கும், குடியும் பிழைக்கும் என்பதைத் தாழ்நிலத்தின் அனுபவமே சொல்கிறது.

2023இல், முதன்முதலாகத் தம் முன்னோர் வந்து இருநூறாண்டு நிறைந்ததை நினைத்து, மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை கால்நடையாக நடந்தனர். முன்னோர் நடந்த அதே வழி. அன்று நடந்தவர்கள் கூலியை நாடி நடந்தனர். இன்று நடந்தவர்கள் தம்மையும் இந்நாட்டின் ஓர் இனமாக, 'மலையகத் தமிழர்' என்ற பெயரால் அறியுமாறு கேட்டு நடந்தனர். வழியெங்கும் சிங்களரும் முஸ்லிம்களும் வடபுலத் தமிழரும் தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். இரு நூற்றாண்டுக்குமுன் அந்தப் பாதையில் ஒரு வாய் நீரின்றி மாண்டவர்களை எண்ணும்போது, அத்தண்ணீரின் அருமை விளங்கும்.

நேயர்களே, ஒரு நாட்டின் பூகோளத்தை எழுதுவோர் மலையை முதலிலும் மனிதரை இறுதியிலும் வைப்பது வழக்கம். இப்பேச்சிலும் அவ்வரிசையையே பின்பற்றினோம். ஆயினும் காட்டை மலைத்தோட்டமாக்கியவை கைகள் என்பதை மறவாதிருப்போமாக. அக்கைகளுக்கு உரியவர் தம் வீட்டு வாசலில், தம் பெயருக்கு எழுதப்பட்ட மண்ணில் நின்று, தாம் கிள்ளிய கொழுந்தின் தேநீரைத் தாமே விருந்தினருக்கு வழங்கும் நாள் வரவேண்டும். அன்றுதான் இம்மலைநாட்டின் வரலாறு முறையாக எழுதப்பட்டதாகும்.